வெளிநடப்பும் வருகைப் பதிவேடும்: அமெரிக்க அரசுப் பள்ளி மாணவரின் பேச்சுரிமை எதுவரை?

வர்ஜீனியாவில் அரசு உயர்நிலைப் பள்ளியொன்றில் பதினோராம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள், துப்பாக்கி வன்முறையைக் கண்டித்து வரும் வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு நடக்கவிருக்கும் மாணவர் வெளிநடப்பில் சேர விரும்புகிறாள். வகுப்பை விட்டு வெளியேறுவோருக்கு அனுமதியற்ற வருகையின்மை பதியப்படும், ஒழுங்கு நடவடிக்கையும் வரும் என்று பள்ளி முதல்வர் பெற்றோர் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். "அரசமைப்பில் பேச்சுரிமை தரும் முதல் திருத்தம் இருக்கிறது, பள்ளி எங்களை ஒன்றும் செய்ய முடியாது" என்கிறாள் மகள். "விசாவில் இருக்கிறோம், கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகும் நேரம், பேசாமல் இரு" என்கிறார் உங்கள் கணவர். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் உண்மையில் மூன்று கேள்விகள் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. மகளுக்குத் தன் கருத்தைப் பள்ளிக்குள் சொல்ல உரிமை உண்டா? வகுப்பு நேரத்தில் எழுந்து வெளியே போக உரிமை உண்டா? வெளியே போனதற்குத் தண்டிக்கும் பள்ளி, அங்கே அவள் சொன்னதற்கும் சேர்த்துத் தண்டிக்கலாமா? முதலாவதற்கு விடை, சில வரம்புகளோடு, உண்டு. இரண்டாவதற்கு இல்லை. மூன்றாவதற்குக் கூடாது. இந்த மூன்றாவதுதான் நடைமுறையில் முக்கியமானது என்பது என் அனுபவம். பெற்றோர் பெரும்பாலும் கேட்கத் தவறுவதும் அதைத்தான்.

பதினெட்டு ஆண்டுகளாக மாணவர் ஒழுங்கு நடவடிக்கை விசாரணைகளில் பெற்றோர் பக்கம் அமர்ந்து வாதாடி வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன் என்பதையும், உங்கள் மகளின் பள்ளி விதிநூலை நான் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துப் படியுங்கள். முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பெயர்ப் பலகை மாட்டியிருந்தால் அது பெரும்பாலும் கட்டணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளி. அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு நேர்ப் பொருள்தான்: வரிப்பணத்தில் நடக்கும் அரசுப் பள்ளி. முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியாரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே கீழே சொல்லப்போவது எதுவும், கலிஃபோர்னியா போலத் தனிச் சட்டம் இயற்றிய மாநிலத்தைத் தவிர, தனியார் பள்ளி மாணவருக்குப் பொருந்தாது. நண்பர் வீட்டுப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று ஒப்பிடுமுன் அந்தப் பிள்ளை எந்த வகைப் பள்ளியில் படிக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முற்றிலும் உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கப் பள்ளி மாணவருக்கு மிக அசைக்க முடியாத உரிமை, வேடிக்கையாகத் தோன்றலாம், பேசாமல் இருக்கும் உரிமை. தேசியக் கொடிக்கு வணக்கம் செலுத்தி உறுதிமொழி சொல்லும்படி மாணவரை வற்புறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1943 ஜூன் 14 அன்று, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த பார்னெட் வழக்கில் தீர்ப்பளித்தது. மூன்றே ஆண்டுகளுக்கு முன் அதே நீதிமன்றம் இதற்கு நேர் எதிராகச் சொல்லியிருந்தது. நம் வாசகருக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. தேசிய கீதத்தின்போது எழுந்து நின்று, ஆனால் பாடாமல் இருந்ததற்காக 1985இல் கேரளப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று பிள்ளைகளின் வழக்கில், 1986இல் தீர்ப்பெழுதிய நீதிபதி சின்னப்ப ரெட்டி, பார்னெட் தீர்ப்பை எடுத்துக்காட்டித்தான் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார். உங்கள் மகள் உறுதிமொழியின்போது அமைதியாக இருந்தால் அதற்காக எவரும் அவளைத் தண்டிக்க முடியாது. இதில் ஐயத்துக்கே இடமில்லை.

அடுத்தது பேசும் உரிமை. உங்கள் மகள் மனத்தில் இருப்பது டிங்கர் வழக்கு என்று நினைக்கிறேன். அமெரிக்க மாணவர்கள் பலர் வகுப்பிலேயே அதைப் படித்துவிடுகிறார்கள். 1965 டிசம்பரில், அயோவா மாநிலத்து டெமாய்ன் நகரில், வியட்நாம் போரில் இறந்தோருக்காகத் துக்கம் காட்டவும் கிறிஸ்துமஸ் காலப் போர்நிறுத்தத்தை ஆதரிக்கவும் சில மாணவர்கள் கையில் கறுப்புப் பட்டை அணிந்து பள்ளிக்கு வரத் தீர்மானித்தார்கள். செய்தி கசிந்ததும் பள்ளி முதல்வர்கள் டிசம்பர் 14 அன்று கூடி, பட்டையைக் கழற்ற மறுப்போர் இடைநீக்கம் செய்யப்படுவர் என்று அவசரமாக ஒரு விதி போட்டார்கள். 13 வயது மேரி பெத் டிங்கர் 16ஆம் தேதி பட்டையோடு போனாள். அலுவலகத்தில் கழற்றச் சொன்னதும் கழற்றிக் கொடுத்துவிட்டாள். ஆனாலும் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். மறுநாள் அவள் அண்ணன் ஜான் போனான், அவனுக்கும் அதே கதி. நம் ஊரில் அரசு ஊழியர்கள் கறுப்புப் பட்டை அணிந்து வேலைக்கு வருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதைவிட மென்மையான போராட்டம் இருக்க முடியுமா என்று தோன்றும். அந்த மென்மைதான் வழக்கை வெல்ல வைத்தது. 1969 பிப்ரவரி 24 அன்று ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் நீதிபதி ஏப் ஃபோர்ட்டஸ் எழுதிய தீர்ப்பு, மாணவரோ ஆசிரியரோ தம் பேச்சுரிமையைப் பள்ளி வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போவதில்லை என்று கூறியது. அந்த வரியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்.

ஆனால் தீர்ப்பின் எடை அந்த வரியில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது. பள்ளியின் பணியைப் பேச்சு கணிசமாகக் குலைத்தால், அல்லது குலைக்கும் என்று எதிர்பார்க்க உண்மையான ஆதாரம் இருந்தால், அல்லது பிறர் உரிமையில் தலையிட்டால், பள்ளி அதைத் தடுக்கலாம். 'ஏதாவது ஆகிவிடுமோ' என்ற பொதுவான அச்சம் மட்டும் போதாது. இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1966இல் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து இரண்டு வழக்குகள் ஒரே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தன. இரண்டிலும் கறுப்பின மாணவர்கள் வாக்குரிமை இயக்கத்தின் பொத்தான் பேட்ஜ்களை அணிந்து பள்ளிக்கு வந்திருந்தார்கள். ஒரு பள்ளியில் மாணவர்கள் அணிந்தார்கள், அவ்வளவுதான், அவர்கள் வென்றார்கள். மற்றதில் கூடங்களில் சத்தம் போட்டு, அணிய விரும்பாத மாணவர்கள்மீதும் பேட்ஜைக் குத்தினார்கள், அவர்கள் தோற்றார்கள். தீர்ப்பளித்தவர்கள் ஒரே நீதிபதிகள், தீர்ப்பு வந்ததும் ஒரே நாளில். பேட்ஜ் சொன்ன செய்தி எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை. அணிந்தவர்கள் நடந்துகொண்ட முறைதான் முடிவைத் தீர்மானித்தது. பெற்றோர் என்னிடம் வந்து "என் பிள்ளை சொன்னதில் என்ன தவறு?" என்று கேட்கும்போதெல்லாம், "எப்போது, எங்கே, எப்படிச் சொன்னான்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

இங்கே உங்கள் மகள் கவனிக்காத ஒரு வாக்கியம் அதே டிங்கர் தீர்ப்பில் இருக்கிறது. இந்த வழக்கு ஆக்ரோஷமான, இடையூறான செயல்களைப் பற்றியதோ, குழுவாக நடத்தும் ஆர்ப்பாட்டத்தைப் பற்றியதோகூட இல்லை என்று ஃபோர்ட்டஸ் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். பட்டை அணிந்த பிள்ளைகள் பாடம் நடக்கும்போது தங்கள் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளிநடப்பில் இருக்கை காலியாகிறது. அந்த நேரத்தில் நடக்கவேண்டிய பாடம் அந்த மாணவருக்கு நடக்கவில்லை. ஆகவே வருகை விதியை மீறியதற்காக மட்டும் பள்ளி தண்டித்தால், அந்த மீறலுக்குப் பின்னால் எவ்வளவு உயர்ந்த நோக்கம் இருந்தாலும், நீதிமன்றம் பள்ளியின் பக்கம்தான் நிற்கும். இதைக் கேட்டு உங்கள் மகள் வருந்தலாம். ஆனால் வியாழக்கிழமையே வருந்துவது சனிக்கிழமை வருந்துவதைவிட நல்லது.

இனி அந்த மூன்றாவது கேள்வி. வருகை விதி எல்லோருக்கும் பொது என்பதால்தான் பள்ளிக்கு அந்தப் பலம் கிடைக்கிறது. கால்பந்துப் போட்டி பார்க்க வகுப்பைத் தவிர்த்தவனுக்கு ஒரு மணி நேர டிடென்ஷன், அதாவது பள்ளி நேரத்துக்குப் பின் தங்கவைக்கும் தண்டனை, என்றால், பதாகை பிடிக்கத் தவிர்த்தவளுக்கும் அதே ஒரு மணி நேரம்தான். போன ஆண்டு வேறொரு வெளிநடப்புக்குக் கண்டும் காணாமல் இருந்த பள்ளி, இந்த ஆண்டு வெளிநடப்பின் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக இடைநீக்கம் செய்தால், அது வருகை விதியை அமல்படுத்துவதாகாது. கருத்துக்குத் தண்டனை கொடுப்பதாகிவிடும். அதற்கு முதல் திருத்தத்தின் கீழ் வழக்குத் தொடுக்கலாம். டிங்கர் வழக்கிலும் நீதிமன்றத்தை உறுத்திய ஒன்று, அதே பள்ளிகளில் தேர்தல் பிரசார பேட்ஜ்களையும், நாஜி அடையாளமாகக் கருதப்பட்ட இரும்புச் சிலுவையைக்கூடவும் மாணவர்கள் அணிந்து வந்ததும், கறுப்புப் பட்டை மட்டுமே தடைசெய்யப்பட்டதும்தான்.

இதை நான் நேரில் கண்ட ஒரு விசாரணையைச் சொல்கிறேன். பள்ளியும் பையனும் யாரென்று சொல்லமாட்டேன். நீள மேசை, நடுவில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி, பையனின் அம்மா அதிலிருந்து ஒன்றை உருவி விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பையனுக்கு மூன்று நாள் இடைநீக்கம். ஒழுங்கு நடவடிக்கைப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கினேன். 'காரணம்' என்ற கட்டத்தில், 'அனுமதியின்றி வகுப்பை விட்டு வெளியேறினார்' என்று நீல மையில் இருந்தது. அதன் கீழே, வேறு பேனாவால், கறுப்பு மையில், 'பள்ளி நிர்வாகத்தைக் கேலி செய்யும் அட்டை ஏந்தினார்' என்று சேர்த்திருந்தார்கள். அவனோடு வெளியேறிய மற்ற மாணவர்களுக்கு என்ன தண்டனை என்று உதவி முதல்வரிடம் கேட்டேன். "டிடென்ஷன்" என்றார். இவனுக்கு மட்டும் ஏன் மூன்று நாள் என்று கேட்டபோது அவர் படிவத்தைப் பார்த்தார், பிறகு பள்ளி வாரிய வழக்கறிஞரைப் பார்த்தார். கறுப்பு மை வரியின் பெறுமானம் இரண்டு நாளும் சொச்சமும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இடைநீக்கம் பதிவிலிருந்து எடுக்கப்பட்டது. டிடென்ஷன் அப்படியே நின்றது, அதை நான் எதிர்க்கவும் இல்லை. தோற்ற கதையும் உண்டு. மாடிப்படியில் கைகோத்து நின்று மற்ற மாணவர்களை வகுப்புக்குப் போகவிடாமல் தடுத்த ஒரு பெண்ணின் பெற்றோரிடம், மேல்முறையீட்டுக்குச் செலவழிக்காதீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டேன்.

சட்டம் காக்காத வெளிநடப்பு பயனற்றது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே, ஃபார்ம்வில் என்ற சிற்றூரில், 1951 ஏப்ரல் 23 அன்று, 16 வயது பார்பரா ஜான்ஸ் ஒரு பள்ளியையே காலிசெய்தாள். 180 பேருக்காகக் கட்டிய மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் 450க்கும் மேற்பட்ட கறுப்பின மாணவர்கள் அடைந்து கிடந்தார்கள். மிஞ்சியவர்களுக்குத் தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகள். பொய்யான தொலைபேசி அழைப்பில் முதல்வரை ஊருக்குள் அனுப்பிவிட்டு, எல்லா வகுப்பையும் அரங்குக்கு அழைக்கும் சீட்டுகளை அனுப்பி, வந்த ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, அவள் மாணவர்களிடம் பேசினாள். அந்த வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது. ஒரு மாதத்தில் 117 மாணவர்கள் பெயரில் வழக்குத் தொடுக்கப்பட்டது. பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டு பிரவுன் தீர்ப்பில் சேர்த்து விசாரிக்கப்பட்ட வழக்குகளில் அதுவும் ஒன்று. அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பாக நின்ற, உள்நாட்டுப் போரில் அடிமை முறை மாநிலங்களின் படையை நடத்திய லீயின் சிலை 2020 டிசம்பரில் அகற்றப்பட்டபோது, அந்த இடத்துக்கு மாநிலம் தேர்ந்தெடுத்தது இந்தப் பெண்ணைத்தான். பார்பராவின் பள்ளி அன்று அவளைத் தண்டித்திருந்தால் அன்றைய சட்டம் குறுக்கே வந்திருக்காது. அதுமட்டுமா, இனம் பிரிக்காத பள்ளி நடத்த மனமின்றி அந்த மாவட்டம் 1959 முதல் 1964 வரை தன் அரசுப் பள்ளிகளையே பூட்டி வைத்தது. விளைவைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு செய்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மகள் அப்படிச் செய்வதானால், தெரிந்து செய்யட்டும்.

ஆனால் அவள் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். வர்ஜீனியா 2021இல் ஒரு சட்டம் இயற்றியது: நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் குடிமை அல்லது அரசியல் நிகழ்வில் பங்கேற்க ஆண்டுக்கு ஒரு பள்ளி நாளாவது அனுமதிக்கப்பட்ட விடுப்பாகப் பள்ளி வாரியம் தரவேண்டும். கலிஃபோர்னியாவும் அடுத்த ஆண்டே இத்தகைய சட்டம் கொண்டுவந்தது. முன்னறிவிப்பும், பங்கேற்றதற்கான சான்றும் பள்ளி கேட்கலாம். இதில் உறுதியானது விடுப்பு உண்டு என்பது. ஐயத்துக்குரியது, பள்ளி மைதானத்தில் பதினேழு நிமிடம் நடக்கும் மாணவர் வெளிநடப்பு 'குடிமை அல்லது அரசியல் நிகழ்வு' என்ற சொல்லுக்குள் அடங்குமா என்பது. நகர்மன்றத்தின் முன் நடக்கும் பேரணி என்றால் தயங்காமல் அடங்கும் என்பேன். பள்ளி வளாகத்துக்குள்ளேயே என்றால் மறுக்கும் முதல்வர்களும் இருப்பார்கள், ஒப்புக்கொள்பவர்களும் இருப்பார்கள். கேட்டுப் பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. பெற்றோரே போன் செய்து, "பல் மருத்துவரிடம் போகிறாள்" என்று பொய் சொல்லிப் பிள்ளையை வெளியே அழைத்துக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது தெரியவந்தால், பேச்சுரிமையைப் பற்றிய வழக்கு பொய்யைப் பற்றிய வழக்காகிவிடும்.

வெளியேறாமலே கருத்தைக் காட்ட அவளுக்கு நிறைய வழி உண்டு, அங்கே அவள் நிலை வலுவானது. கறுப்புப் பட்டை, பேட்ஜ், வாசகம் எழுதிய டி-ஷர்ட், மதிய உணவு வேளையில் துண்டறிக்கை. டி-ஷர்ட்டைப் பொறுத்தவரை வர்ஜீனியாவை உள்ளடக்கிய நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஆல்பமார்ல் மாவட்டத்து நடுநிலைப் பள்ளி மாணவன் ஒருவன், துப்பாக்கி உரிமைச் சங்கத்தின் குறிசுடும் பயிற்சி முகாம் டி-ஷர்ட்டை அணிந்து வந்தான். ஆயுதம் தொடர்பான உடை கூடாது என்று பள்ளி தடுத்தது. எந்தக் குழப்பமும் நடக்கவில்லை, அந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டால் ஈட்டி ஏந்திய பெண்ணைக் கொண்ட வர்ஜீனியா மாநில முத்திரையையும், குறுக்கே வைத்த இரு வாள்களைக் கொண்ட வர்ஜீனியா பல்கலைக்கழகச் சின்னத்தையும்கூட மாணவர் அணிய முடியாது என்று சுட்டிக்காட்டி, நீதிமன்றம் பள்ளியின் தடையை நிறுத்தி வைக்கச் சொன்னது. உங்கள் மகள் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தின் டி-ஷர்ட் அது. அவளைக் காக்கப்போகும் முன்தீர்ப்பும் அதுவே. இதை அவளிடம் சொல்லுங்கள். பதினாறு வயதில் இதைக் கேட்பது நல்லது.

இதற்கு மேல் சட்டம் கலங்கலாகிறது. அதே நான்காம் வட்டார நீதிமன்றம் 2013இல், தென் கரோலினாப் பள்ளியொன்றில் கூட்டமைப்புக் கொடி, அதாவது உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன அடிமை முறை மாநிலங்களின் கொடி, பொறித்த சட்டையைத் தடுத்தது சரியென்றது. அங்கே இனப் பகைமையால் சண்டை நடந்த வரலாறு இருந்தது. 'பிறர் உரிமை' என்ற டிங்கர் சொற்றொடர் எதுவரை நீளும் என்று உச்ச நீதிமன்றம் இன்றுவரை விளக்கவில்லை. பாலினம் இரண்டே என்ற வாசகம் எழுதிய டி-ஷர்ட்டை மாசசூசெட்ஸ் பள்ளி ஒன்று தடுத்ததை முதல் வட்டார நீதிமன்றம் 2024இல் ஏற்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்க மறுத்தது, இரண்டு நீதிபதிகள் அந்த மறுப்பை எதிர்த்து எழுதினார்கள். பார்ப்பவர் கோபப்பட்டுச் சண்டைக்கு வருவார் என்ற காரணத்தால் பேசுபவரை அடக்கலாமா என்பதிலும் நீதிமன்றங்களுக்கிடையே ஒருமை இல்லை. டிங்கர் வழக்கிலேயே, ஒரு கணித ஆசிரியரின் வகுப்பு பட்டையைப் பற்றிய வாக்குவாதத்தால் பாழானதைக் காட்டித்தான் நீதிபதி பிளாக் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். ஒரே வகுப்பறைச் சச்சரவு ஏழு பேருக்குச் சிறியதாகவும் பிளாக்குக்குப் பெரியதாகவும் பட்டது. எவராவது உங்களிடம் இதில் நூறு சதவீதம் வெற்றி என்று உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

வேறு சில எல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக் கூட்டத்தில் ஆபாசமாகப் பேசுவதைப் பள்ளி தண்டிக்கலாம் (1986). பள்ளியே நடத்தும் செய்தித்தாளில் கல்வி நோக்கில் நியாயமான காரணம் இருந்தால் கட்டுரையை நீக்கலாம் (1988); பல மாநிலங்கள் தம் சட்டத்தால் மாணவர் இதழ்களுக்குக் கூடுதல் பாதுகாப்புத் தந்திருக்கின்றன. போதைப் பொருளை ஊக்குவிப்பதாகப் படும் பதாகையைப் பள்ளி நிகழ்ச்சியில் தடுக்கலாம் (2007). அந்தப் பதாகை பள்ளிக்கு எதிர்ச்சாரியில் பிடிக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள், பள்ளி நேரத்தில் சாலையைக் கடந்துவிட்டால் பள்ளியின் கை எட்டாது என்று மாணவர்கள் நினைப்பது தவறு. கைப்பேசியைப் பொறுத்தவரை 2021இல் பென்சில்வேனிய மாணவி ஒருத்தியின் வழக்கு இருக்கிறது. விளையாட்டுப் போட்டிகளில் ஆடிப்பாடி உற்சாகமூட்டும் சியர்லீடர் அணியில் மேல்நிலைக்குத் தேர்வாகாத கோபத்தில், சனிக்கிழமை ஒரு கடையில் இருந்தபடி, பள்ளியை வசைபாடி ஸ்னாப்சாட்டில் போட்டாள். ஓராண்டு அணியிலிருந்து நீக்கினார்கள். எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றாள். வளாகத்துக்கு வெளியே, பள்ளி நேரத்துக்கு வெளியே பேசுவதில் பள்ளியின் அதிகாரம் குறைவு. அதற்காக அது இல்லவே இல்லை என்று பொருளில்லை. மிரட்டலும் சக மாணவரைக் குறிவைத்துத் துன்புறுத்துவதும் வேறு.

இடைநீக்கம் என்று வந்தால், அதற்கும் ஒரு முறை உண்டு. ஒஹாயோ மாணவர்களின் 1975ஆம் ஆண்டு வழக்கின்படி, பத்து நாள் வரையான இடைநீக்கத்துக்குக்கூட, என்ன குற்றச்சாட்டு என்று மாணவரிடம் சொல்லவேண்டும். மறுத்தால் என்ன ஆதாரம் என்று விளக்கவேண்டும். அவர் தரப்பைக் கேட்கவேண்டும். முதல்வர் அறையில் ஐந்து நிமிட உரையாடலே இதற்குப் போதும் என்பதால் பெற்றோர் ஏமாற்றமடைவார்கள். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் சொன்னதும் எழுதியதும்தான் பிற்பாடு எனக்குக் கிடைக்கும் மொத்தச் சான்று.

உங்கள் கணவரின் கவலைக்கு வருகிறேன். அதை அச்சம் என்று தள்ளிவிட மாட்டேன். முதல் திருத்தம் குடிமக்களுக்கு மட்டும் என்று எங்கும் சொல்லவில்லை. இந்நாட்டில் வசிக்கும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1945இலேயே கூறியிருக்கிறது. பள்ளி இடைநீக்கம் கைதோ குற்றத் தீர்ப்போ ஆகாது. ஆனால் சாலையை மறித்துப் போலீஸ் கைதுசெய்தால் கதை வேறு: விசா விண்ணப்பமும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) விண்ணப்பமும் கைதைப் பற்றிக் கேட்கின்றன, வழக்கு தள்ளுபடியானாலும் விளக்கவேண்டி வரும். 2025இல் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் தம் கருத்துக்காக விசா இழந்ததையும், அதே ஆண்டு செப்டம்பரில் பாஸ்டன் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அந்த நடவடிக்கையைப் பேச்சுரிமைக்கு எதிரானதென்று கண்டதையும் அவர் படித்திருப்பார். அது குடிவரவுச் சட்டம், என் துறை இல்லை. உங்கள் விசா விவரத்தோடு அத்துறை வழக்கறிஞர் ஒருவரை அரை மணி நேரம் கேட்பது செலவழிக்கத் தகுந்த பணம். என் வரம்புக்குள் நான் சொல்லக்கூடியது: நடைபாதையில் நிற்கட்டும், சாலையில் இறங்க வேண்டாம், கலையச் சொன்னால் கலையட்டும்.

கல்லூரியைப் பற்றிய பயம் பெரும்பாலும் அளவுக்கு மீறியது. 2018 மார்ச்சில் நாடு முழுவதும் மாணவர்கள் வெளிநடந்தபோது, அமைதியான போராட்டத்துக்காகப் பெற்ற தண்டனை சேர்க்கையைப் பாதிக்காது என்று எம்.ஐ.டி. உட்படப் பல பல்கலைக்கழகங்கள் பகிரங்கமாக அறிவித்தன. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பமும் 2021-22 முதல் தன் பொதுப் பகுதியில் பள்ளி ஒழுங்கு நடவடிக்கை பற்றிய கேள்வியை எடுத்துவிட்டது. தனித்தனிக் கல்லூரிகள் தம் பக்கத்தில் கேட்கலாம். கேட்டால் உண்மையைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே இன்றிரவே மூன்று வேலைகளைச் செய்யுங்கள். முதல்வரின் மின்னஞ்சலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி இணையதளத்தில் மாணவர் நடத்தை விதிநூலைத் திறந்து, ஒரு பாடவேளையைத் தவிர்த்தால் என்ன தண்டனை என்று எழுதியிருக்கும் பக்கத்தையும் அச்செடுங்கள். பிறகு குடிமை நிகழ்வு விடுப்பு கேட்டு நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: மகள் பெயர், தேதி, நேரம், நிகழ்வு. நியாயம் எதுவும் பேச வேண்டாம், 'பதில் எழுத்தில் தாருங்கள்' என்று மட்டும் முடியுங்கள். மறுப்பு வந்து, அதன் பிறகும் அவள் போனால், விதிநூலில் உள்ள தண்டனை வரும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வந்தால், படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, 'காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.